வலைக்கடியனுக்கு ஒரு பலகை

மகள் வரைந்த முதல் கழுதைப்புலிக்கு உடம்பெல்லாம் புள்ளிகள் இருந்தன. கண்ணோரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். கீழே சிவப்பு மையில், "என்னை வெறுக்காதீர்கள்" என்ற வாசகம். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் கைப்பேசியில் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன். அந்தப் படத்தில் புள்ளியும் தவறு, கண்ணீரும் தவறு, எழுதிய வாசகம்கூட ஒரு வகையில் தவறு என்று எங்களுக்கு விளங்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். விலங்குகளுக்காக ஏதாவது செய்தே தீருவேன் என்று துடிக்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், நாங்கள் செய்த தவறுகளையாவது நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

நாங்கள் மண்டபத்துக்கு மேற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். இங்கே நிலம் ஒடுங்கி நாக்குப் போலக் கடலுக்குள் நீளும். தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா, வடக்கே நடந்தால் பாக் விரிகுடா. ஊரில் தென்கடல், வடகடல் என்று சொன்னால் போதும். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கணவர் விசைப்படகு ஓட்டுகிறார். மாமனார் நாட்டுப்படகுக்காரர், எழுபதைத் தாண்டியும் கடலுக்குப் போவதை விடவில்லை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் படம் வரையத் தெரியாது. நான் ரவிக்கைக்குக் கழுத்து வரைவதோடு சரி.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாக நிற்கும், ஊரெல்லாம் பெயிண்ட் வாசனை அடிக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடும். கையில் காசு மட்டும் இருக்காது. இருந்தாலும் போன தடைக்காலத்தில், தாம்பரத்தில் இருக்கும் நாத்தனார் கூப்பிட்டார் என்று போட் மெயில் ரயிலில் கிளம்பினோம். வண்டலூர் பார்க்க வேண்டும் என்பது மகளின் நெடுநாள் நச்சரிப்பு. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். ஒரு நாள் பொறுக்க வேண்டியதாயிற்று.

வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர். 1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சிசாலைதான் இடம் போதாமல் 1985-இல் இங்கே குடிவந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நடந்தால், மதியத்துக்குள் பிள்ளைக்குக் கால் வலிதான் மிஞ்சும். நாத்தனார் அனுபவசாலி. "நாலு விலங்கைத் தேர்ந்தெடுத்துக்கொள், மீதியை விட்டுவிடு" என்று மகளிடம் சொல்லியிருந்தார். அதைவிட நல்ல யோசனையை நான் இதுவரை கேட்கவில்லை. மகளின் பட்டியலில் கழுதைப்புலி கிடையாது. வெள்ளைப் புலியின் முன்னால் இவள் உயரத்துக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்ததால் அழாத குறையாகத் திரும்பியவள், கழுதைப்புலி அடைப்பின் எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே நிழல் இருந்தது, கூட்டம் இல்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றாள். பிறகு ரூல்டு நோட்டை எடுத்துப் பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் எங்களைக் கடந்து போனவர்கள் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஒருவர் மூக்கைப் பொத்தினார். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்கு, கழுதைக்கும் புலிக்கும் பிறந்ததுதான் இது என்று விளக்கினார். கல்லூரிப் பையன்கள் நாலு பேர், சினிமாவில் கேட்ட சிரிப்பைப் போலச் சத்தம் எழுப்பி, அது திரும்பிச் சிரிக்கிறதா என்று பார்த்தார்கள். அது சிரிக்கவில்லை. எழுந்தது. கழுத்திலிருந்து வால் வரை முதுகு மயிர் முழுவதும் நட்டுக்கொண்டு நின்றது. ஒரு நொடியில் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது. "பார்டா, என்ன கோபம்!" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மகள் அதையும் வரைந்துகொண்டாள்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் போனோம். 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அங்கே கரியால் முதலையைப் பார்த்ததும் மகள் கத்தினாள்: "அம்மா, முரல் மீனுக்குக் கால் முளைத்திருக்கிறது!" எங்கள் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். முரலைப் போலவே ஒல்லியாக நீண்ட மூக்கு, உள்ளே வரிசையாக ஊசிப் பற்கள். அந்த மூக்கு தண்ணீருக்குள் பக்கவாட்டில் வீசி மீனைக் கவ்வுவதற்கென்றே அமைந்தது. வளர்ந்த கரியாலின் உணவில் பெரும்பங்கு மீன்தான். முதலை என்று பெயர் இருப்பதால் மனிதரைத் தின்னும் என்ற பழி அதற்கும் சேர்த்து விழுந்துவிட்டது. மீன் பிடிக்கிறவனைப் பார்த்து ஆள் பிடிக்கிறவன் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று என் கணவர் கேட்டார். தடைக்காலத்தில் அவருக்கு இப்படியெல்லாம் தத்துவம் வரும்.

ஊர் திரும்பியதும் படங்கள் ஆரம்பமாயின. சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, கண்ணீர் விடும் கழுதைப்புலி. பள்ளியில் மாட்டினார்கள். டீக்கடையில் ஒன்று, ரேஷன் கடைச் சுவரில் ஒன்று. யாராவது நின்று பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். "யார் பிள்ளை வரைந்தது?" என்று கேட்டார்கள். கழுதைப்புலியைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை நான் அப்போது கவனிக்கவில்லை. பாராட்டு வந்தால் போதும் என்றிருந்தேன்.

ஒரு நாள் ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். சுவரில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆப்பிரிக்காவுக்கா போனீர்கள்?" என்றார். எனக்குப் புரியவில்லை. உடம்பில் புள்ளியும் வட்டமான காதும் இருப்பது ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. சிரிப்பதுபோல் சத்தம் போடுவதும் அதுதான். நம் நாட்டில் இருப்பது வரிக் கழுதைப்புலி: கூரான காது, உடம்பிலும் காலிலும் கறுப்பு வரிகள், தொண்டையில் கறுப்புத் திட்டு. பெரும்பாலும் செத்ததைத் தின்று காட்டைச் சுத்தமாக வைக்கும். எலும்பையே நொறுக்கித் தின்பதால் அதன் எச்சம் காய்ந்ததும் சுண்ணாம்பு போல வெளுத்திருக்குமாம். பார்வைக்கு நாய்போல இருந்தாலும், இனத்தில் அது பூனைக்கும் கீரிக்கும்தான் நெருக்கம். கழுதையும் இல்லை, புலியும் இல்லை.

மகள் முகம் சுருங்கிப்போய் உள்ளே ஓடினாள். வண்டலூர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைத் திறந்ததும் மூவரும் கொஞ்சநேரம் பேசவில்லை. நோட்டில் பென்சிலால் வரைந்த கழுதைப்புலிக்கு வரிகள் இருந்தன. காது கூராக இருந்தது. முன்கால் உயர்ந்து, கரைமேல் இழுத்துப் போட்ட வள்ளம் போல முதுகு பின்னால் சரிந்திருந்தது. எல்லாம் சரி. கண்ணால் பார்த்து வரைந்தது சரியாக இருந்தது. 'அழகாக' வரைய வேண்டும் என்று என் கைப்பேசியில் தேடி எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததுதான் தவறு. அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: நேரில் பார்த்த விலங்கை நேரில் வரைந்த படத்திலிருந்துதான் பெரிய படம் வரும். அழிப்பான் கிடையாது. கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு. தப்பிய கோடுகளைப் பார்த்தால்தான் எந்த இடத்தில் கண் தடுமாறியது என்று தெரிகிறது. விலங்கு நகர்ந்துவிட்டால் புதுப் பக்கம். பழையதை நினைவிலிருந்து முடிக்கக் கூடாது. கைப்பேசிப் படம் வேண்டுமென்றால் நாமே எடுத்ததாக இருக்க வேண்டும், அதுவும் வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும்.

ஆசிரியை இன்னொரு கேள்வியும் கேட்டார். "அது அழுததைப் பார்த்தாயா?" மகள் இல்லை என்றாள். "வேறு என்ன செய்தது?" "முடியை விரித்தது." "எப்போது?" "அந்த அண்ணன்கள் கத்தினபோது." "அப்படியென்றால் அதை வரை." பயந்தாலோ மிரட்டினாலோ தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள அது முதுகு மயிரை நிமிர்த்தும் என்று விளக்கினார். புதுப் படத்தில் ஒரே கழுதைப்புலி இரண்டு தடவை இருந்தது, பக்கம் பக்கமாக. ஒன்றில் முடி படிந்திருந்தது, மற்றதில் நட்டுக்கொண்டிருந்தது. முதலாவதன் கீழே "நீங்கள் வருவதற்கு முன்", இரண்டாவதன் கீழே "நீங்கள் கத்திய பின்". கண்ணீர் இல்லை, கெஞ்சல் இல்லை. அதை டீக்கடையில் மாட்டிய அன்று ஒருவர் என்னிடம், நாய்க்கும் முதுகில் இப்படித்தானே முடி நிற்கும், அது கோபம் இல்லையா, பயமா என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான்.

அக்டோபரில் வன உயிரின வார விழாவையொட்டி ஓரிடத்தில் ஓவியப் போட்டி நடந்தது. மகள் இந்த இரட்டைக் கழுதைப்புலியை வரைந்தாள். பரிசு கிடைக்கவில்லை. படத்தில் மரம் இல்லையாம், பசுமை போதவில்லையாம். பூமி உருண்டையைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடும் புலி முதல் பரிசு வாங்கியது. நான் இரண்டு நாள் பொருமினேன். மகள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாள்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடலில் ஆவுளியா இருக்கிறது. புத்தகத்தில் கடல்பசு என்பார்கள். பசு என்று பெயர் வந்த உடனேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. யாருக்கும் அதன்மேல் வெறுப்பு இல்லை. எங்களுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். மறுபக்கம் பிணந்தின்னிக் கழுகைப் பாருங்கள். பெயரைக் கேட்டாலே குளிக்கத் தோன்றும். அதற்குப் பாறு என்று அழகான பழைய பெயர் இருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் அவற்றை ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-இல். தமிழ்நாட்டில் இப்போது நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் அவை பிழைத்திருக்கின்றன. மகள் பாறு வரைந்தபோது பெரிய எழுத்தில் 'பாறு' என்று மட்டும் எழுதினாள். பார்த்தவர்களில் பாதிப் பேர் 'இது என்ன பறவை' என்று கேட்டார்கள், முகம் சுளிக்கவில்லை. ஆகவே படத்துக்குத் தலைப்பு வைக்கும்போது வசவாகிப்போன பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். கழுதைப்புலிக்கு எங்களுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

இனி வீட்டுக் கதை. எங்கள் கரையில் வெறுக்கப்படும் உயிர்களுக்குக் குறைவில்லை. வலையில் வந்த பேத்தை மீன் காற்றடைத்துப் பந்துபோல் உப்பினால், பிள்ளைகள் காலால் உதைத்து விளையாடுவார்கள். என் மகளும் உதைத்தவள்தான். வண்டலூர் போய்வந்த பிறகு நிறுத்திவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டில் பேத்தையின் வயிற்று முள்ளை ஒவ்வொன்றாக வரைந்த பிறகு எப்படி உதைப்பது என்று கேட்டாள்.

அடுத்ததாகக் கடல்பாம்பு. கரைவலையில் வந்தாலும் சரி, செத்தும் சாகாமலும் அலையில் ஒதுங்கினாலும் சரி, கம்பால் அடித்துப் போடுவதே வழக்கம். மகள் ஒரு படம் வரைந்தாள்: பச்சைக் கடல், கறுப்புப் பட்டை போட்ட பாம்பு, துடுப்புப் போலத் தட்டையான வால். வால் அசலாக வந்திருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "கடல்பாம்பு நம் நண்பன். அது யாரையும் கடிக்காது." ஏலம் நடக்கும் கொட்டகையில் மாட்டப்போகிறேன் என்றாள்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, படிக்கத் தெரியாது. அவளையே வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சுருட்டைக் கீழே வைத்தார். "வலைக்கடியன் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது தெரியுமா?" என்றார். வலையில் சிக்கியதும் வலையையே திரும்பத் திரும்பக் கடிக்கும்; அதனால் வலைக்கடியன். வலையிலிருந்து மீன் கழற்றுகிறவன் கையும் அங்கேதான் இருக்கும். தன் இளமையில் கூட வந்த ஆள் ஒருவரை அது கடித்ததைச் சொன்னார். கடித்த இடத்தில் வலியே இல்லையாம். ஏதோ முள் குத்தியது என்று நினைத்துத் தொடர்ந்து வலை இழுத்தாராம். கரைக்கு வருவதற்குள் உடம்பெல்லாம் இறுகிவிட்டது. மறுநாள் மூத்திரம் கருத்துப் போயிற்று. அவர் பிழைக்கவில்லை. "இந்தப் பலகையைப் பார்த்து ஒரு சின்னப் பையன் கையை நீட்டினால், நீ என்ன செய்வாய்?" என்று மகளிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. விலங்குமேல் இருக்கும் அன்பில் பொய் சொல்லிவிட்டோம். அதுவும் உயிர் போகிற பொய். ஒரு விலங்கைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றால் அதைச் சாதுவாகக் காட்டுவதுதான் பரிகாரம் என்று நினைத்திருந்தோம். அது இன்னொரு தவறான புரிதல். ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். கடல்பாம்புகளின் நஞ்சு தசையைப் பாதிக்கும் என்றும், கடித்து அரை மணி முதல் சில மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியலாம் என்றும் சொன்னார். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் தயாரானது, கடல்பாம்புக்கு அல்ல. அதற்காக வீட்டிலேயே கிடக்கக் கூடாது. மூச்சும் சிறுநீரகமும் தடுமாறினால் தாங்கிப்பிடிக்க மருத்துவமனைதான் வழி. வலி இல்லையே என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

பாம்பின் பக்க நியாயத்தையும் அவரே சொன்னார். மூச்சு விடக் கடலின் மேல்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய உயிர் அது. வலைக்குள் அதிகநேரம் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். தண்ணீருக்குள் துடுப்பாக இருக்கும் வால், கரையில் ஒன்றுக்கும் உதவாது. பெரும்பாலான கடல்பாம்புகள் முட்டையிடுவதில்லை. கடலிலேயே குட்டி போடும். தேடி வந்து கடிப்பது அதன் பழக்கம் அல்ல. வலையில் திணறும்போது எதுவும் கடிக்கும்.

இரண்டாவது வாசகத்தை எழுத ஒரு வாரம் ஆயிற்று. மாமா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் நின்றது இது: "நஞ்சு உண்டு. கையால் தொடாதே. கம்பால் வலையைத் தூக்கி, கடல் பக்கமாக உதறு, அது போய்விடும். கடித்தால் வலிக்காது, உடனே மருத்துவமனை போ." மாமா இப்படித்தான் ஐம்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாராம். அவர் பாம்பை அடித்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கரையில் ஒதுங்கிய பாம்பை மட்டும் நாமே கடலில் தள்ளக் கூடாது. அது பெரும்பாலும் காயத்தோடோ நோயோடோதான் ஒதுங்கும். விலகி நின்று வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது கண்டிப்பான விதி.

பலகை விஷயத்துக்கு வருகிறேன், இது கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. சார்ட் அட்டை இங்கே ஒரு வாரம் தாங்காது. உப்புக் காற்றில் அட்டை அப்பளமாட்டம் நமத்துப்போகும். ஸ்கெட்ச் பேனா மை வழியும். லேமினேஷன் செய்து பார்த்தோம். ஓரத்தில் ஈரம் ஏறி உள்ளேயே பூசணம் பூத்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே காயவைத்தால் பெயிண்ட்மேல் மணல் ஒட்டி, கழுதைப்புலிக்குச் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். கடைசியில் வழி காட்டியது தடைக்காலம்தான். படகுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்ட், டப்பா அடியில் கிடந்தது: நீலம், வெள்ளை, சிவப்பு, கறுப்பு. பழைய படகில் கழற்றிய ஒட்டுப்பலகையை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, இரண்டு நாள் வீட்டுக்குள் காயவைத்து, அதன்மேல் கறுப்புக் கோடு. பச்சை வேண்டுமென்றால் நீலத்தில் மஞ்சள் கலக்க வேண்டும். மஞ்சளுக்கு மட்டும் காசு செலவழித்தோம். எனாமல் வாசனை தலைவலி தரும், கதவைத் திறந்துவைத்து, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தின்னரைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். நிறங்கள் அதிகம் இல்லாமல் போனது படத்துக்கும் நல்லதாயிற்று. பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

பாம்புப் பலகை ஏலக் கொட்டகையில் ஏறிய பிறகு ஊரே திருந்திவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை. அடிக்கிறவர்கள் இன்னும் அடிக்கிறார்கள். மூன்று நான்கு பேர் கம்பால் உதறிவிட்டோம் என்று மாமாவிடம் வந்து சொன்னார்கள். பலகையைவிட மாமாவின் வாய்ச்சொல்தான் வேலை செய்தது என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். பலகை இல்லாவிட்டால் மாமா வாய் திறந்திருக்க மாட்டார் என்று நான் சொல்கிறேன்.

அதைவிடத் திருத்தமாக வேலை செய்தது வேறொரு பலகை. ராமேசுவரம் போகும் வழியில் சிறிய மீன் காட்சியகம் ஒன்றில் பாம்புபோல் நீண்ட அஞ்சாலை மீன் இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி, வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடிக்க வருவதுபோலவே இருக்கும். வருகிற பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியைத் தட்டும். "தட்டாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், அதன்மேலேயே தட்டினார்கள். மகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்து வரைந்தாள். அது வாயைத் திறப்பது மிரட்ட அல்ல, மூச்சுக்காக. அதன் செவுள் துளை மிகச் சிறியது. தண்ணீரை வாயால் இழுத்துச் செவுள் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மகள் படத்தில் வாய் திறந்த தலை ஒன்று, மூடிய தலை ஒன்று, தண்ணீர் போகும் வழிக்கு நீல அம்பு. வாசகம் எழுதும்போது பாம்பின் பாடம் அவளுக்கு நினைவிருந்தது. கடிக்காது என்று எழுதவில்லை. அஞ்சாலை கடித்தால் சதை கிழியும், எங்கள் ஊரில் தழும்போடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவள் எழுதியது: "இது மூச்சு விடுகிறது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பார்."

முன்கூட்டியே பென்சில் படத்தைக் காட்டி உரிமையாளரிடம் அனுமதி கேட்டோம். அவர் ஒரே ஒரு மாற்றம் சொன்னார்: பலகையைத் தொட்டிக்கு மேலே மாட்டக் கூடாது, பக்கத்தில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்ட வேண்டும், தட்டுகிற கை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நாங்களாக இருந்தால் பெரியவர்கள் பார்க்கும்படி உயரத்தில் மாட்டியிருப்போம். மாட்டிய முதல் ஞாயிறு ஒரு ஓரத்தில் நின்று பார்த்தோம். ஒரு பையன் ஓடி வந்தான், கையை ஓங்கினான், பலகையைப் பார்த்தான். உதடு அசைய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் வந்த தங்கையும் எண்ண, இருவர் கணக்கும் ஒத்துப்போகாமல் அங்கேயே சண்டை. கண்ணாடிமேல் யார் கையும் படவில்லை. செய்யாதே என்று சொன்னால் கேட்காத கைக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்துவிட்டால் போதும் போலிருக்கிறது.

இதற்குப் பிறகு இரண்டு மூன்று இடங்களிலிருந்து மகளை மேடையேற்றிப் பேசவைக்க அழைத்தார்கள். ஒரு தடவை போனோம். மாலை போட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள், அவளுடைய பலகையை மேடைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்கள். அதன் பிறகு பலகையை மட்டும் அனுப்புகிறோம். அவள் ஞாயிற்றுக்கிழமையை வரைவதற்கு வைத்துக்கொள்கிறாள்.

இந்தத் தடைக்காலத்தில் மாமா தன் நாட்டுப்படகுக்குப் பெயிண்ட் அடித்தார். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாதுதான். விசைப்படகுகளுக்கு அடிக்கும்போது பெயிண்ட் மலிவாகக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. வெளிப்பக்கம் நீலம் முடிந்ததும் மகளைக் கூப்பிட்டார். படகின் உட்புறத்தில், வலை ஏறும் பக்கம், வலை கழற்றுகிறவன் குனிந்தால் கண்ணில் படும் இடத்தைக் கையால் தேய்த்துக் காட்டினார். அங்கே வலைக்கடியனை வரை என்றார்.

அவள் கறுப்பைத் தொட்டு வாயிலிருந்து ஆரம்பித்தாள். மாமா தடுத்தார். வாய் மூடியே இருக்கட்டும் என்றார்.

"பல் தெரியாவிட்டால் பயம் வராதே, தாத்தா."

"பயம் எனக்கு இருக்கிறது. நீ வாலை ஒழுங்காக வரை."